சாமுவேல் பிளிம்சாலும் சுமைக்கோடும்

சிங்கப்பூரிலிருந்து பாத்தாம் தீவுக்குப் படகில் செல்வோர், வழியில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களைக் கடந்து செல்வர். அப்போது ஏதேனும் ஒரு கப்பலின் நடுப்பகுதியைக் கூர்ந்து பார்த்தால், அதன் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதை ஊடறுத்துச் செல்லும் ஒரு கிடைக்கோடும் தெரியும். அருகில் ஏணிப்படிகளைப் போலச் சில சிறு கோடுகளும் எழுத்துகளும் இருக்கும். பாரம் ஏற்றிய கப்பலில் இந்த வட்டம் நீர்மட்டத்தை ஒட்டிக் காணப்படும். பாரம் இல்லாத கப்பலில் அது நீருக்கு மேலே மிக உயரத்தில் இருக்கும். கப்பல் எவ்வளவு ஆழம் வரை மூழ்கலாம், அதாவது எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதைக் காட்டும் குறி அது. அதற்குச் சுமைக்கோடு என்று பெயர். பிளிம்சால் கோடு என்றும் அதனை அழைப்பர்.

பிளிம்சால் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் மாலுமியும் அல்லர். கப்பல் கட்டுபவரும் அல்லர். நிலக்கரி வணிகர்.

சாமுவேல் பிளிம்சால் 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தையார் அரசாங்கத்தில் கலால் வரி அதிகாரியாகப் பணியாற்றியவர். குடும்பம் ஊர் மாறி ஊர் சென்று, இறுதியில் ஷெஃபீல்டு நகரில் குடியேறியது. சாமுவேல் இளமையிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். மதுபான ஆலை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தம் உழைப்பால் அதன் மேலாளராக உயர்ந்தார்.

1853இல் அவர் இலண்டனுக்குச் சென்று நிலக்கரி வணிகத்தில் இறங்கினார். யார்க்‌ஷயர் வட்டாரத்து நிலக்கரியை இரயில் மூலம் தலைநகருக்குக் கொண்டுவந்து விற்பது அவருடைய திட்டம். அத்திட்டம் தோல்வியுற்றது. கையிலிருந்த பணம் முழுவதும் கரைந்து, அவர் கடனாளி ஆனார். வாரத்திற்கு 8 ஷில்லிங்கிற்கும் குறைவான செலவில், கூலித் தொழிலாளர்கள் தங்கும் மலிவான விடுதி ஒன்றில் சில காலம் வாழ்ந்தார். வேலை தேடி அலைபவர்களும் நாட்கூலிகளும் அங்கே அவருக்குத் தோழர்களாயினர். தம்மிடம் இருப்பதில் ஒரு பங்கை இன்னும் இல்லாதவருக்குக் கொடுக்கும் அவர்களுடைய குணத்தை அவர் நேரில் கண்டார். பின்னாளில் அவர் எழுதிய நூலிலும் இந்த நாள்களை நினைவுகூர்ந்திருக்கிறார்.

சில ஆண்டுகளில் அவர் மீண்டும் தலைநிமிர்ந்தார். இரயில் பெட்டியிலிருந்து நிலக்கரியை நொறுங்காமல் இறக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து, வணிகத்தில் பொருள் ஈட்டினார். சரக்கு சேதமடையாமல் வந்து சேர வேண்டும் என்பதில் இத்துணை அக்கறை கொண்ட வணிகர், சரக்கைச் சுமந்து வரும் மனிதர்களைப் பற்றியும் எண்ணத் தொடங்கியது வியப்பன்று. 1868இல் டெர்பி தொகுதியின் பிரதிநிதியாக அவர் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பற்படை பிரிட்டனுடையது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாலுமிகள் கடலில் மாண்டனர். புயலும் பாறையும் அதற்குக் காரணம் என்று பலரும் எண்ணினர். ஆனால், அமைதியான கடலில்கூடச் சில கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் பல, வயது முதிர்ந்து மரம் உளுத்துப் போனவை. அல்லது தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பாரம் ஏற்றப்பட்டவை. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அழைத்தனர்.

ஒரு கப்பல் மூழ்கினால் உரிமையாளருக்குத்தானே இழப்பு? அவர் ஏன் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்? இக்கேள்விக்கான விடை கணக்கில் இருந்தது. சரக்குக் கட்டணம் பெரும்பாலும் எடையைப் பொறுத்தே வழங்கப்பட்டது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னும் கூடுதல் வருமானம். கப்பல் கரை சேர்ந்தால் இலாபம். சேராவிட்டாலோ காப்புறுதிப் பணம் வரும். கப்பலின் உண்மையான மதிப்பைவிட அதிகத் தொகைக்குக் காப்புறுதி எடுப்பதும் வழக்கத்தில் இருந்தது. ஆகவே, பேராசை பிடித்த ஓர் உரிமையாளருக்குக் கப்பல் மூழ்குவதுகூட இலாபமாக முடியலாம். நேர்மையான உரிமையாளர்களே மிகுதி என்பதைப் பிளிம்சாலும் ஒப்புக்கொண்டார். ஆனால், அளவோடு பாரம் ஏற்றுபவர், அளவின்றி ஏற்றுபவரோடு போட்டியிட வேண்டியிருந்தது. கட்டணத்தைக் குறைத்துக் கேட்டால் யாரால் தாங்க முடியும்? சட்டம் இல்லாத இடத்தில் நேர்மைதான் நட்டப்பட்டது.

இங்கே ஒரு செய்தியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டமே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கப்பல் உரிமையாளருக்கும், கப்பலை வாடகைக்கு எடுத்துச் சரக்கு அனுப்பும் வணிகருக்கும் இடையே தெளிவான கடப்பாடுகள் இருந்தன. தம் கப்பல் கடற்பயணத்திற்கும் ஏற்றப்போகும் சரக்கிற்கும் ஏற்றது என்று உரிமையாளர் உறுதியளிக்கிறார். ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் அந்த உறுதி அதற்குள் அடங்கியிருப்பதாகவே ஆங்கில நீதிமன்றங்கள் கருதின. வாடகைக்கு எடுப்பவருக்கும் கடமை உண்டு. தாம் அனுப்புவது எத்தகைய சரக்கு என்பதை அவர் மறைக்கக் கூடாது. ஆபத்தான பொருளை அறிவிக்காமல் ஏற்றக் கூடாது.

ஏற்றது என்பதற்குப் பொருள் என்ன? 1870களில் நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு வழக்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து சர்க்கரை ஏற்றுவதற்காக ஒரு கப்பல் வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஈரச் சர்க்கரையை ஏற்றவும் ஒப்பந்தம் இடம் தந்தது. சர்க்கரை ஏற்றப்பட்டதும் அதிலிருந்து பாகு வடிந்து கப்பலின் அடியில் தேங்கியது. கப்பலில் இருந்த பம்புகளால் அந்தக் கெட்டியான பாகை இறைத்து வெளியேற்ற முடியவில்லை. சரக்கை மீண்டும் வெளியே எடுக்க நேர்ந்தது. வாடகைக்கு எடுத்தவர், இனி இந்தக் கப்பலில் சரக்கு ஏற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் சென்றது. வேறொரு சரக்கிற்கு அக்கப்பல் பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால், ஏற்க ஒப்புக்கொண்ட ஈரச் சர்க்கரைக்கு அது பொருத்தமற்றது. எனவே, மறுத்தவர் பக்கமே தீர்ப்பு அமைந்தது.

சர்க்கரை மூட்டைக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு மாலுமிக்குக் கிடைக்கவில்லை. 1854இல், ஒழுகும் கப்பலில் பணிபுரிந்து நோயுற்ற மாலுமி ஒருவர் உரிமையாளர்மீது வழக்குத் தொடுத்தார். கப்பல் பயணத்திற்குத் தகுதியானது என்று மாலுமிக்கு உரிமையாளர் உறுதியளித்ததாகக் கொள்ள முடியாது என நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரே கப்பல், ஒரே ஓட்டை. அதன் வழியாக வரும் நீரால் சரக்கு நனைந்தால் இழப்பீடு கோரலாம். மாலுமி மடிந்தால் அவருடைய குடும்பம் எதையும் கோர முடியாது. கப்பல் மூழ்கிய நாளோடு அவருடைய சம்பளமும் நின்றுவிடும். மேலும், பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கப்பலின் நிலையைக் கண்டு அஞ்சி ஏற மறுத்த மாலுமிகள் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

பிளிம்சாலின் சினத்திற்கு வேர் இதுதான்.

சுமைக்கோடு என்ற கருத்தை முதலில் சொன்னவர் பிளிம்சால் அல்லர். நியூகாசல் வட்டாரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்னும் கப்பல் உரிமையாளரே அவருக்கு முன்னர் அதற்காகக் குரல் கொடுத்தவர். கப்பல் உரிமையாளர் ஒருவரே இதைக் கேட்டார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பிளிம்சால் அக்கருத்தை நாடாளுமன்றத்திற்கு எடுத்துச் சென்றார். அங்கே கப்பல் உரிமையாளர்கள் பலர் உறுப்பினர்களாக இருந்தனர். அவருடைய முதல் முயற்சிகள் எடுபடவில்லை.

எனவே, அவர் மக்களிடம் சென்றார். 1873இல் நம் மாலுமிகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அது அவசரமாக எழுதப்பட்ட நூல். சொற்களில் சீற்றம் தெறித்தது. ஆவணங்களின் படங்களும் அதில் இணைக்கப்பட்டிருந்தன. உளுத்த கப்பல்கள், அளவுக்கு மீறிய காப்புறுதி, கணவனையும் மகனையும் இழந்த பெண்களின் வறுமை ஆகியவற்றை வாசித்த மக்கள் கொதித்தெழுந்தனர். அவருடைய மனைவி எலைசாவும் அந்தப் போராட்டத்தில் அவருக்குத் துணைநின்றார். அதே ஆண்டில் அரசாங்கம் அரச விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது.

நூலில் பிழைகளும் இருந்தன. போதிய சான்றின்றிச் சிலர்மீது அவர் குற்றம் சுமத்தினார். அதனால் அவதூறு வழக்குகளைச் சந்தித்தார், பெருந்தொகையைச் செலவிட்டார். நல்ல நோக்கம் இருந்தால் சான்றைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவருடைய எதிரிகளுக்கு அப்பிழைகளே ஆயுதமாயின.

1874இல் அவர் கொண்டுவந்த மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. மறு ஆண்டு அரசாங்கமே ஒரு கப்பல் மசோதாவைக் கொண்டுவந்தது. அது வலுவற்றதாயினும் பிளிம்சால் அதன்மீது நம்பிக்கை வைத்திருந்தார். ஆனால், 1875 ஜூலை 22ஆம் நாள், விவசாய நிலம் தொடர்பான வேறொரு மசோதாவிற்கு நேரம் வேண்டும் என்பதற்காகக் கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார்.

பிளிம்சால் தம்மை மறந்தார். மசோதா தள்ளிப்போனால் அடுத்த குளிர்காலத்தில் மேலும் பல உயிர்கள் போகும் என்பது அவருக்குத் தெரியும். அவையின் நடுவே வந்து நின்று, முட்டியை உயர்த்திக் கத்தினார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புபவர்களைக் கயவர்கள் என்று சாடினார். அவையிலிருந்த ஒருவரின் பெயரையும் குறிப்பிட்டார். சொன்னதைத் திரும்பப் பெறுமாறு சபாநாயகர் கேட்டபோதும் அவர் மறுத்தார். அவையை விட்டு வெளியேறும்படி அவருக்கு ஆணையிடப்பட்டது. நாடாளுமன்ற வரலாற்றில் இப்படிப்பட்ட காட்சி அரிது. ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்து, அவை மரபை மீறிப் பேசியதற்காக வருத்தம் தெரிவித்தார். ஆனால், தாம் எடுத்துக்கூறிய செய்திகளை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நாடு மாறிவிட்டது. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. செய்தித்தாள்கள் அவரைப் பற்றியே எழுதின. பல துறைமுக நகரங்களில் மாலுமிகளின் குடும்பங்கள் திரண்டன. மசோதாவைக் கைவிட்ட அதே அரசாங்கம், ஆகஸ்டு மாதத்திற்குள் ஒரு தற்காலிகச் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. பாதுகாப்பற்ற கப்பலைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தும் அதிகாரம் அரசாங்க அதிகாரிகளுக்குக் கிடைத்தது.

அச்சட்டம் சரக்கைப் பற்றியும் பேசியது. குறிப்பாகத் தானியம். ஒரு பாத்திரத்தில் பாதியளவு அரிசியைப் போட்டு மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சிறிது நேரம் அசையாமல் இருக்கும் அரிசி, ஒரு நிலையில் சட்டென்று முழுவதும் ஒரு பக்கமாகச் சரியும். பாத்திரத்தை நிமிர்த்தினாலும் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. மூட்டையில் கட்டாமல் கப்பலின் சரக்கறையில் கொட்டப்பட்ட கோதுமையும் அப்படித்தான். ஒரு பேரலை கப்பலைச் சாய்த்தால் கோதுமை சரியும். அடுத்த அலை அதே பக்கம் அடித்தால் கப்பல் கவிழும். கப்பல் புதியதாக இருக்கலாம். ஓட்டை ஏதும் இல்லாமல் இருக்கலாம். இருப்பினும், அந்தச் சரக்கை அப்படி ஏற்றிச் செல்ல அது ஏற்றதன்று. ஆகவே, சரக்கில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தானியமாக இருந்தால், அதை மூட்டைகளில் கட்டியோ, பலகைத் தடுப்புகள் அமைத்தோ சரியாதபடி ஏற்ற வேண்டும் என்று சட்டம் வகுத்தது.

1876இல் நிலையான வணிகக் கப்பல் சட்டம் வந்தது. 12 அங்குல விட்டமுள்ள வட்டமும், அதன் நடுவே 18 அங்குல நீளமுள்ள கோடும் கப்பலின் பக்கவாட்டில் வரையப்பட வேண்டும் என்று அது கூறியது. இன்றும் ஏறக்குறைய அதே அளவுதான். கப்பலைக் கடலுக்குத் தகுதியாக வைத்திருக்க இயன்ற முயற்சி அனைத்தையும் செய்வது மாலுமிகளுக்கு உரிமையாளர் ஆற்ற வேண்டிய கடமை என்பதும் சட்டமானது. சரக்கின் சொந்தக்காரருக்கு நெடுங்காலமாக இருந்துவந்த உரிமையில் ஒரு பகுதியாவது மாலுமிக்கும் கிட்டியது.

எனினும், ஒரு பெரிய ஓட்டை எஞ்சியிருந்தது. கோட்டை எந்த உயரத்தில் வரைவது? அதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று சட்டம் விட்டுவிட்டது! ஓர் உரிமையாளர் தம் கப்பலின் புகைபோக்கியில் அக்கோட்டை வரைந்ததாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, சட்டத்தின் நிலை அதுதான். எவ்வளவு வரை ஏற்றப்போகிறேன் என்று உரிமையாளர் அறிவிப்பதாகவே கோடு அமைந்தது. எவ்வளவு வரை ஏற்றலாம் என்று பிறர் விதிப்பதாக அமையவில்லை. கோட்டின் உயரத்தைச் சட்டமே வரையறுக்க 1890 வரை, அதாவது மேலும் 14 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்நேரத்தில் பிளிம்சால் நாடாளுமன்றத்தில் இல்லை. 1880இல், அமைச்சர் ஒருவருக்கு வழிவிட்டுத் தம் தொகுதியை அவர் துறந்திருந்தார். வெளியில் இருந்தபடியே மாலுமிகளுக்காகத் தொடர்ந்து உழைத்தார். புதிதாகத் தோன்றிய மாலுமிகள் சங்கத்திற்குக் கௌரவத் தலைவராக இருந்தார். அட்லாண்டிக் கடலைக் கடந்து கால்நடைகளை நெருக்கி ஏற்றிவரும் கப்பல்களின் கொடுமையைப் பற்றியும் 1890இல் ஒரு நூல் எழுதினார். 1898ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஃபோக்ஸ்டன் என்னும் கடலோர ஊரில், தமது 74ஆம் வயதில், அவர் காலமானார். 1929இல் இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதை எழுப்பியவர்கள் மாலுமிகள் சங்கத்தினர்.

அவருடைய கோடு பிரிட்டனோடு நின்றுவிடவில்லை. 1906இல் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. 1930இல் பல நாடுகள் கூடி அனைத்துலகச் சுமைக்கோட்டு உடன்பாட்டைச் செய்துகொண்டன. 1966இல் அது புதுப்பிக்கப்பட்டது. வட்டத்தின் அருகே காணப்படும் சிறு கோடுகள் வெவ்வேறு கடல்களுக்கும் பருவங்களுக்கும் உரியவை. குளிர்கால வட அட்லாண்டிக் கடல் சீற்றம் மிக்கது. அங்கே செல்லும் சிறிய கப்பல்களுக்கு எல்லாக் கோடுகளிலும் தாழ்வானது விதிக்கப்பட்டுள்ளது. நம் வட்டாரம் போன்ற வெப்பமண்டலக் கடல்களில் அதைவிட உயரமான கோடு வரை பாரம் ஏற்றலாம். நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. அதில் கப்பல் சற்றுக் கூடுதலாக அமிழும் என்பதால் ஆற்றுத் துறைமுகங்களுக்கெனத் தனிக்கோடும் உண்டு. பள்ளி மாணவர்கள் அணியும் துணிக் காலணிக்கும் இங்கிலாந்தில் பிளிம்சால் என்ற பெயர் உண்டு. அதன் பக்கவாட்டில் ஓடும் இரப்பர் பட்டை கப்பலின் சுமைக்கோட்டை நினைவூட்டியதே அதற்குக் காரணம் என்பர். நீர் அந்தப் பட்டைக்கு மேலே ஏறினால் கால் நனையும்.

அவர் வாழ்ந்த நாளிலேயே ஒரு கப்பலுக்கும் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 1873இல் அபர்டீன் நகரில் கட்டப்பட்ட அந்தப் பாய்மரக் கப்பல், குடியேறச் செல்லும் மக்களை ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று வந்தது. 1902இல் அதன் பாய்மரங்கள் முறிந்தன. அதன் பிறகு அது கடலோடவில்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிரீமேண்டல் துறைமுகத்தில், மற்றக் கப்பல்களுக்குத் தேவையான நிலக்கரியைச் சேமித்து வைக்கும் மிதவையாக அது நின்றது.